ஓரம் சீவிய தோல்

பள்ளிவிட்டு வருகிறான் ஒரு பையன். வீட்டில் ஆளில்லை. ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துச் சுட்டுக்கொள்கிறான். கேக்கும் பாலும் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்கிறான். திரையில் கேரி ஷாண்ட்லிங் என்ற நகைச்சுவைக் கலைஞர் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். தடித்த கண்ணாடிக்குள் பையனின் கண்கள் மெல்ல மலர்கின்றன. வாய் நிறையத் தீனியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். அவனுக்கு வசனமே கிடையாது. பின்னணியில் 'தி ஹூ' குழுவின் 'ஐ'ம் ஒன்' பாடல், கிதார் நரம்பை வருடியபடி தொடங்கி, டிரம்ஸ் வந்து சேர்ந்ததும் பொங்கி எழுகிறது. அவ்வளவுதான் காட்சி.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடரில் வரும் பில் ஹேவர்சக் அவன்; நடித்தவர் மார்ட்டின் ஸ்டார். கதை நடப்பது 1980 வாக்கில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். ஆனால் அந்தப் பிற்பகல் எனக்கு ஆம்பூரில் நன்றாகத் தெரிந்த பிற்பகல். எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்கு வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், சோறு மூடிவைத்திருக்கும், அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக்கொண்டிருப்பாள். கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும்வரை வீடு பிள்ளையின் ராஜ்யம். அந்தத் தனிமையைக் கண்டு உச்சுக்கொட்டுவது சுலபம். பில்லின் சிரிப்பைப் பார்த்தபின் எனக்கு அதற்கு வாய் வரவில்லை. தனித்திருக்கிறான், நிறைந்தும் இருக்கிறான். ஒரே முகத்தில் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன!

அப்பர் தைக்கும் முன் 'ஸ்கைவிங்' என்றொரு வேலை உண்டு. தோலின் ஓரத்தை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்குவார்கள். அப்போதுதான் மடித்துத் தைத்த இடம் புடைக்காது, காலை உறுத்தாது. கைதேர்ந்தவர் சீவிய ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு துண்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. பால் ஃபீக் உருவாக்கி, ஜட் அபடோவ் தயாரிப்பில் பங்கேற்ற இந்தத் தொடரில், சிரிப்பும் துயரமும் சேரும் இடமெல்லாம் அப்படிச் சீவப்பட்டிருக்கிறது.

முதல் அத்தியாயத்தின் நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டிக்ஸ்' குழுவின் 'கம் செயில் அவே' மெதுவாக ஒலிக்கிறது. பில்லின் நண்பனான சின்னஞ்சிறு சாம், தான் ஏங்கும் சிண்டியை ஒருவழியாக ஆட அழைத்துவிடுகிறான். அணைத்தபடி மெல்ல அசையலாம் என்ற இனிய கனவோடு அரங்கின் நடுவே போய்ச் சேரும் கணத்தில் பாட்டு துள்ளிசையாக மாறிவிடுகிறது! திகைக்கிறான். அவள் ஆடத் தொடங்குகிறாள். அவனும் குதிக்கிறான். அந்த ஏமாற்றம் எந்த நொடியில் ஆனந்தமானது என்று மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிடிபடவே இல்லை.

சாமின் அக்கா லிண்ட்சே அணிந்து திரியும் பச்சைச் சட்டையும் அப்படித்தான். அப்பாவின் பழைய ராணுவச் சட்டை அது. கம்மவான்பேட்டை போன்ற ராணுவ ஊர்கள் உள்ள வேலூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு, அப்படியொரு சட்டை கொடியில் காய்வதன் பெருமிதத்தை விளக்க வேண்டியதில்லை. கணக்கில் கெட்டிக்காரியான அவள் திடீரென்று அதை மாட்டிக்கொண்டு பின்பெஞ்சுக் கூட்டத்தோடு சேர்வது ஏதோ வயசுக் கோளாறாகவே முதலில் தோன்றும். பிறகு தம்பியிடம் தணிந்த குரலில் சொல்கிறாள்: சாகும் தறுவாயில் பாட்டியிடம், ஒளி ஏதும் தெரிகிறதா என்று கேட்டாளாம்; ஒன்றுமே இல்லை என்றாளாம் பாட்டி. அதற்குப் பின் அந்தத் தொளதொளத்த சட்டை, குளிருக்குப் போர்த்திய போர்வையாகவே என் கண்ணுக்குப் படுகிறது.

தொடர் 1999 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. முதலில் சனி இரவு. பிறகு திங்களுக்கு மாற்றி, கோடீஸ்வரன் போட்டிக்கு எதிரே நிறுத்தினார்கள் (2000-இல் அமிதாப் நம்மிடம் கொண்டுவந்த அதே போட்டியின் அமெரிக்க வடிவம்). எப்படித் தாங்கும்? எடுத்த 18 அத்தியாயங்களில் 12 ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் மன்றாடியதால் 2000 ஜூலையில் இன்னும் மூன்று வந்தன. பில் சிரிக்கும் அத்தியாயம் அவற்றில் இல்லை. அந்த அக்டோபரில் வேறொரு சேனலில்தான் அது முதன்முதலாக வெளிவந்தது.

கத்தி விழப்போவதை முன்பே மோப்பம் பிடித்த படைப்பாளிகள் கடைசி அத்தியாயத்தை முன்னதாகவே எடுத்து வைத்தார்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்குக்குப் போவதாகச் சொல்லி லிண்ட்சே பேருந்தில் ஏறுகிறாள். வழியில் இறங்கி, தோழி கிம்மோடு வேனில் ஏறி, 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் கச்சேரிகளைத் தேடிப் போய்விடுகிறாள். அந்த விடைபெறலை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். போகுமிடம் அவளுக்குத் தெரியும், வழியனுப்பும் பெற்றோருக்குத் தெரியாது. லிண்ட்சேயாக நடித்த லிண்டா கார்டெலினியின் முகத்தில் பொய்யின் குறுகுறுப்பும், அவர்கள்மேல் ததும்பும் பாசமும், பறக்கப்போகிறோம் என்ற துடிப்பும். எங்கே விரல் வைத்தாலும் இணைப்பு தட்டுப்படுவதில்லை.