துன்பியல் நாடகக் கலைச்சொற்களும் மானவிசயமும்

மானவிசயம், பரிதிமாற் கலைஞர் (வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், 1870–1903) இயற்றிய செய்யுள் நாடகம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இவர், நாடக இலக்கணமாக நாடகவியல் (1897) என்னும் நூலையும் எழுதினார். அந்நாளில் சென்னை நகருக்குள் இருந்த அக்கல்லூரி, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது.

கதை

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்படுகிறான். தாகத்தால் தண்ணீர் கேட்கிறான். காவலர் உடனே தரவில்லை. பிறகு தந்ததைக் கையில் வாங்கியும் குடிக்காமல் உயிர் விடுகிறான். புறநானூற்று 74ஆம் பாடலின் அடிக்குறிப்பு இச்செய்தியைத் தருகிறது.

ஐந்து சந்திகள்

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகக் கதை வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகப் பிரித்து, பயிர்த்தொழிலால் விளக்குகிறார். விதை முளைப்பது முகம்; நாற்றாவது பிரதிமுகம்; சூல் முற்றுவது கருப்பம்; கதிர் முற்றி விளைவது விளைவு; அறுத்து உண்டு மகிழ்வது துய்த்தல். மகிழ்ச்சியில் முடியும் கதைக்கு இது இயல்பாகப் பொருந்தும். நாயகன் இறக்கும் கதையில் துய்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

அரிஸ்டாட்டிலின் சொற்கள்

துன்பியல் நாடகத்தை ஆராய அரிஸ்டாட்டில் கையாண்ட சொற்களுள் மூன்று இங்கே பயன்படும்.

ஹமார்ஷியா: குறி தவறுதல். இதைக் 'குணக்குறை' என்று மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர், இரும்பொறையின் குறை 'தற்பெருமை' என்று எளிதில் எழுதிவிடுவர். புறப்பாடல் அப்படிச் சொல்லவில்லை. பகைவரிடம் இரந்து கேட்டதையே அவன் நொந்துகொள்கிறான். ஆகவே தவறியது குணமன்று; தாகம் மிகுந்த ஒரு நொடியில் செய்த செயல்.

நிலைமாற்றம்: போர்த்தோல்வியை நிலைமாற்றமாகக் கொள்வது வழக்கம். ஆனால் தோற்ற பின்னும் அவன் மனத்தளவில் அரசனாகவே இருக்கிறான். தண்ணீர் கைக்கு வரும்போதுதான் காக்க வந்த பொருளே இழிவாக மாறுகிறது.

அறிதல்: தான் கேட்டது தண்ணீர் மட்டுமன்று, பகைவரின் இரக்கமும்தான் என்று உணர்வது. நிலைமாற்றமும் அறிதலும் ஒரே நேரத்தில் நிகழ்வதை அரிஸ்டாட்டில் சிறப்பாகக் கருதினார். இக்கதையில் அது அமைந்துள்ளது.

மதிப்பீடு

இச்சொற்கள் வீழ்ச்சியை விளக்குகின்றன. 'விசயம்', அதாவது வெற்றி, என்ற தலைப்பை விளக்கவில்லை. அதற்குத் துய்த்தல் என்ற பழைய சொல்லே உதவுகிறது. இங்கே அறுவடையாகக் கிடைப்பது மானம். தண்ணீரை உண்ணாமல் விட்டதால் கிடைத்தது அது. இருமரபுச் சொற்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் நாடகம் முழுமையாகப் புலப்படும். கலைச்சொல்லை முதலில் எழுதி நாடகத்தை அதற்குள் அடைப்பதைவிட, காட்சியைப் படித்து அதற்குரிய சொல்லைத் தேடுவதே மாணவர்க்குப் பயன் தரும்.