கணினிப் பார்வை: ‘அடிப்படை’ என்னும் சொல் குறித்து

கணினிப் பார்வையை முதுநிலையில் படிக்க வருகிறவருக்கு முதலில் கையில் தரப்படுவது ஊசித்துளைக் கேமரா. முப்பரிமாண உலகின் புள்ளியொன்று துளைவழியே நேர்க்கோட்டில் வந்து தளத்தில் விழுகிறது. ஆழத்தால் வகுத்தால் படம் ரெடி. ஆனால் வகுத்த கணமே ஆழம் தொலைந்துபோகிறது. பக்கத்திலிருக்கும் பொம்மை வீடும் தூரத்து நிஜ வீடும் ஒரே பிம்பமாக விழலாம். ஆக, பிம்பத்திலிருந்து உலகை மீட்க, பிம்பத்துக்கு வெளியேயிருந்து எதையாவது கொண்டுவந்தாக வேண்டும்: ஒளி மேலிருந்து வருகிறது, பரப்புகள் சீராக வளைகின்றன, இப்படி. முன்அனுமானமற்ற பார்வை என்று ஒன்று கிடையாது. பிரதி, வாசிப்பு என்று நாம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்ததை இந்தக் கணிதம் முதல் வாரத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

ஒப்புக்கொண்டுவிட்டு மறந்தும் போகிறது. அங்கேதான் சிக்கல்.

லெனா படத்தை எடுத்துக்கொள்வோம். 1972 நவம்பர் ‘பிளேபாய்’ நடுப்பக்கத்திலிருந்த பெண்ணைத் தோளோடு வெட்டி, 1973இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 512க்கு 512 புள்ளிகளாக ஸ்கேன் செய்தார்கள். சுருக்கம், இரைச்சல் நீக்கம், விளிம்பு கண்டறிதல் எல்லாமே பல பத்தாண்டுகள் அவள் தோள்மீதுதான் நடந்தன. வெறும் ‘சோதனைப் படம்’தானாம்! ஐஇஇஇ கணினிச் சங்கம் அதை ஏற்பதை நிறுத்த 2024 ஏப்ரல் வரை ஆயிற்று.

முன்பு அனுமானம் கரும்பலகையில் சமன்பாடாக நின்றது. அதோடு சண்டை போடலாம். 2009இல் வந்த இமேஜ்நெட்டுக்குப் பின் அது கோடிக்கு மேற்பட்ட படங்களுக்குள் கரைந்துவிட்டது. அமேசானின் மெக்கானிக்கல் டர்க்கில் துண்டுக்கூலி வாங்கிய கைகள் அவற்றைத் தரம் பார்த்தன. முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை 2018இல் புவோலம்வினியும் கெப்ருவும் சோதித்தார்கள். கறுத்த பெண்களிடம் பிழை 34.7 சதவீதம்வரை போயிற்று. வெளுத்த ஆண்களிடம் 0.8ஐத் தாண்டவில்லை.

நம் தரப்பிலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. ‘கண்காணிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடையைக் கட்டிவிடுகிறோம். ஆழம் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் அதிகாரம் எங்கே நுழைகிறது என்று எப்படிக் காட்டுவது?

டொரால்பா, ஐசோலா, ஃப்ரீமன் எழுதி 2024இல் வந்த பாடநூலில் சமூகம் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. வரவேற்கலாம். ஆனாலும் தனி அறை கொடுத்து உட்காரவைப்பது வேறு, கூடத்தில் இடம் கொடுப்பது வேறு. முன்அனுமானம் பற்றிய வீட்டுப்பாடத்திலேயே, இந்தப் படங்களுக்கு யார், என்ன கூலிக்குப் பெயரிட்டார்கள் என்பதும் ஒரு கேள்வியாக வரலாமே.