இரண்டாகப் பிரியும் இறக்கை

என் முதல் ஃபோம் விமானம் ஒரு முறைகூடப் பறக்கவில்லை. காரின் பின் சீட்டிலேயே அதன் வால் முறிந்துபோனது. 1.4 மீட்டர் ஒற்றை இறக்கையோடு குறுக்காகச் செருகி வைத்திருந்தேன்; ஒரு வேகத்தடை போதுமானதாக இருந்தது. ரேடியோ கன்ட்ரோல் விமானம் செய்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரையை அதற்குப் பிறகு நானும் பிடித்துக்கொண்டேன்: எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய். இறக்கை, வால், மூக்கு என்று ஐந்து துண்டுகள் வரை போனேன். இன்று அந்த அறிவுரையில் பாதியைத்தான் ஏற்கிறேன்.

இறக்கையைப் பிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாம் வெட்டுகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். இறக்கையை வளைக்கும் விசை உச்சத்தில் இருப்பது அதன் நடுவில்தான். 1 கிலோ விமானம் லூப் அடிக்கும்போது எடையைப்போல் 3 மடங்கு சுமை வருவது சாதாரணம். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரைக் கிலோவைத் தூக்குகிறது. 60 செ.மீ. நீள அரை இறக்கையில் அந்தத் தூக்கு விசை அடியிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஒரு குச்சியை ஃபோமில் செருகி, 25 செ.மீ. தள்ளி ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஃபோம் கிழியாது, ஓட்டை மெல்ல நசுங்கி அகலமாகும். விமானத்திலும் அதுதான் நடக்கிறது. பத்துப் பதினைந்து முறை பறந்தபின் இறக்கை லொடலொடக்க ஆரம்பிக்கும்.

அதனால் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பன் குழாயை நேராக ஃபோமில் செருகுவது பிழை. அது இறுக்கமாக நுழையும் அளவுக்கு இன்னொரு உறைக்குழாயை இறக்கைக்குள் கணிசமான நீளத்துக்கு ஒட்டிவிட வேண்டும். அப்போதுதான் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவும். ஜெர்மனியின் மல்ட்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸி கிளைடர் இதற்கு நல்ல பாடம்: 1.8 மீட்டர் இறக்கை, நடுவே குழாய், இரண்டு பக்கமும் செருகினால் முடிந்தது. வீட்டில் செய்கிறவர்கள் மறப்பது ஒன்று உண்டு. உருண்டைக் குழாயின்மேல் இறக்கை சுழலும். பின்விளிம்பருகே ஒரு சிறு குச்சி அதைத் தடுக்க வேண்டும். ஒரு பக்க இறக்கை ஒரு டிகிரி மேலே நிமிர்ந்திருந்தாலும், கையை விட்ட உடனே விமானம் மறுபக்கம் புரளப் பார்க்கும்.

இறக்கையை ஒற்றையாகவே வைத்து ரப்பர் பேண்டால் உடலோடு கட்டுவது பழைய வழி. சிறிய விமானத்துக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன். மூக்கு தரையில் குத்தினால் பேண்ட் நழுவும், இறக்கை தனியே கழன்று தப்பிவிடும். குறையும் உண்டு: வெயிலில் ரப்பர் வெடித்துப்போகும், பேண்ட் ஃபோம் விளிம்பை அறுக்கும். விளிம்பில் ஓர் ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டினால் அறுப்பது நிற்கும். போல்ட் போடுவதென்றால் நைலான் போல்ட்தான். அடிபட்டால் அது முறிந்து இறக்கையைக் காப்பாற்றும். இரும்பு போல்ட் முறியாது, தான் திருகியிருக்கும் பிளைவுட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

வாலைக் கழற்றும்படி செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை. ஈர்ப்பு மையத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான விமானங்களில் மூக்கைவிட வால் இரண்டு மூன்று மடங்கு தொலைவில் இருக்கிறது. போல்ட், பிளைவுட் என்று வாலில் 10 கிராம் கூட்டினால் சமன்செய்ய மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். இறக்கையைக் கழற்றியபின் உடலும் வாலும் ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கிவிடுகின்றன. இந்த எடை எதற்கு? பாகங்களைக் காந்தத்தால் பிடிக்கவைப்பதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. பேட்டரி மூடிக்குப் பொருத்தம், இறக்கைக்கு வேண்டாம். நேராக இழுத்தால் விடாத காந்தம் பக்கவாட்டில் தள்ளினால் எளிதாக வழுக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வயர்கள். இறக்கையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதன் அசையும் தட்டுகளை இயக்கும் சர்வோக்களின் வயர்களையும் கழற்றுகிறோம். மைதானத்தில் அவசரமாகச் செருகும்போது ஏய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் தட்டு) வயரும் ஃபிளாப் வயரும் இடம் மாறலாம். பாதி மட்டுமே நுழைந்த கனெக்டர் அதிர்வில் கழன்றுவிடலாம். இறக்கையைச் செருகும்போதே இணைப்பும் தானாகப் பொருந்தும் அமைப்பு சில புதிய மாடல்களில் வந்திருக்கிறது. நல்ல மாற்றம், ஆனால் நாமே செய்யும் விமானங்களில் அது அரிது. மனிதர் ஏறிப் பறக்கும் கிளைடர்களை டிரெய்லரில் ஏற்ற இறக்கையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டான எலிவேட்டரை இணைக்க மறந்து மேலேறி விபத்துக்குள்ளானவர்கள் அங்கேயும் உண்டு. அதனால்தான் அவர்கள் ஒருவர் ஸ்டிக்கை அசைக்க, இன்னொருவர் வெளியே எலிவேட்டரையும் ஏய்லரானையும் கையால் பிடித்து எதிர்விசை கொடுத்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் விமானம் அரைக் கிலோ ஃபோமாக இருக்கலாம், ஆனால் அதன் மூக்கில் புரொப்பெல்லர் சுழல்கிறது, மைதானத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள். இறக்கையை மாட்டி முடித்ததும், மோட்டாரை அணைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை அழைத்து ஏய்லரானைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கை வலப்புறம் தள்ளும்போது வலப்பக்க ஏய்லரான் மேலே எழுகிறதா என்று பார்த்துவிட்டு எறியுங்கள்.