கேட்கத் தெரிந்தவர்கள்: அறிஞர்களுடனான நீண்ட உரையாடல்கள்

அறிஞர் ஒருவரை மணிக்கணக்கில் பேசவைத்து, அந்தப் பேச்சைப் பதிவு செய்து வெளியிடுவது இருபதாம் நூற்றாண்டில்தான் தனியொரு எழுத்துவகையாக வளர்ந்தது. அதற்கு முன்னும் உரையாடல் நூல்கள் இருந்தன. ஜெர்மன் கவிஞர் கதே மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1836இல், அவரோடு பேசியதைத் தொகுத்து எக்கர்மான் வெளியிட்ட நூல் ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றது. எக்கர்மானிடம் இருந்தவை குறிப்பேடும் நினைவும் மட்டுமே. 1848இல் வந்த மூன்றாம் தொகுதிக்கு அவர் இன்னொருவரின் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டார். அந்நூலில் பேசுவது கதேயா, எக்கர்மான் மனத்தில் இருந்த கதேயா என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒலிநாடா வந்ததும் இந்த ஐயம் தீர்ந்திருக்க வேண்டும்; ஆனால் அது வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்பவருக்குத் துறை எவ்வளவு தெரியும், பதிவான பேச்சில் யார் கைவைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தே ஓர் உரையாடலின் மதிப்பு அமைகிறது. இயற்பியல், தத்துவம், உலக அரசியல் ஆகிய மூன்று துறைகளிலும் இதைக் காணலாம்.

ஒலிநாடாக் காலத்துக்குச் சற்று முந்தைய புகழ்பெற்ற சந்திப்பு ஒன்று இந்தியர்களுக்கு நன்கு தெரிந்தது. 1930 ஜூலை 14 அன்று, பெர்லினுக்கு அருகில் காபுத்தில் இருந்த ஐன்ஸ்டைனின் வீட்டில் தாகூர் அவரைச் சந்தித்தார். மனித மனத்தைச் சாராத உண்மை உண்டா என்பதே பேச்சின் மையம். உண்டு என்பது ஐன்ஸ்டைனின் நம்பிக்கை. மனிதனுக்கு எட்டாத உண்மை மனிதனைப் பொறுத்தவரை இல்லாததே என்பது தாகூரின் வாதம். ஐன்ஸ்டைனின் வளர்ப்பு மகளுடைய கணவர் திமித்ரி மரியானோஃப் எழுதிய வடிவம் அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. தாகூர் தம் நூலொன்றின் பின்னிணைப்பாக 1931இல் இன்னொரு வடிவத்தை வெளியிட்டார். இரண்டும் சொல்லுக்குச் சொல் பொருந்துவதில்லை. அதைவிடப் பெரிய குறை, இருவரும் அவரவர் நிலையில் அசையாமல் நின்றதுதான். குவாண்டம் இயங்கியல் பிறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அளப்பவரைச் சாராத உண்மை உண்டா என்று இயற்பியலாளர்களே மோதிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த முடிச்சைத் தொட்டு மேலும் கேட்க அங்கே ஆளில்லை. இரண்டு மேதைகளை எதிரெதிரே உட்காரவைத்தால் நல்ல உரையாடல் தானே பிறந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இச்சந்திப்பு நல்ல மறுப்பு.

கேட்பதை ஆராய்ச்சி முறையாகவே மாற்றியது 1961 முதல் 1964 வரை நடந்த குவாண்டம் இயற்பியல் வரலாற்றுத் திட்டம். அமெரிக்க இயற்பியல் கழகமும் அமெரிக்கத் தத்துவக் கழகமும் சேர்ந்து தொடங்கிய இப்பணிக்குத் தலைமையேற்றவர் தாமஸ் கூன். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று வரலாற்றுக்கு வந்தவர் அவர். அறிவியல் புரட்சிகள் பற்றிய அவருடைய நூல் வெளியான 1962இல்தான் அவர் ஒலிப்பதிவுக் கருவியோடு கோபன்ஹேகனில் இருந்தார். குழுவின் வேலை பேட்டியோடு முடியவில்லை. பழைய கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடி நுண்படச் சுருள்களில் பதிந்தார்கள். ஒருவர் 1925இல் என்ன நினைத்தார் என்று 1962இல் அவரிடமே கேட்டால், பின்னாளில் பாடநூலில் ஏறிய கதையைத்தான் அவர் திருப்பிச் சொல்வார். பழைய கடிதத்தை எடுத்து நீட்டினால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

நீல்ஸ் போருடன் ஐந்து அமர்வுகள் நடந்தன. ஐந்தாவது நடந்தது 1962 நவம்பர் 17 அன்று. தமது நிரப்புக் கோட்பாட்டைத் தத்துவவாதிகள் புரிந்துகொள்ளவே இல்லை என்ற வருத்தம் அதில் வெளிப்படுகிறது. மறுநாள் போர் காலமானார். 1913ஆம் ஆண்டின் அணு மாதிரி எப்படி உருவானது என்று கூனும் அவருடைய உதவியாளர் ஜான் ஹெயில்பிரானும் 1969இல் எழுதிய நீண்ட கட்டுரை, வயது முதிர்ந்த போரின் நினைவையும் இளம்போரின் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உழைப்பின் பயன். கூனுக்கும் ஒருநாள் இதே முறை வந்தது. 1995 அக்டோபரில் ஏதென்ஸில் கிரேக்க ஆய்வாளர்கள் மூவர் மூன்று நாள் அவரைப் பேசவைத்தார்கள். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார்.

அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு இதே வழியில் வளர்ந்தது. இயற்பியலாளர் ஃபைன்மனோடு பல ஆண்டுகள் பேசிய சார்லஸ் வைனர், அவருடைய பழைய குறிப்புகளைப் பார்த்து, அன்றாட வேலையின் பதிவுகள் இவை என்றார். ஃபைன்மன் அதை ஒப்பவில்லை; வேலையே காகிதத்தின் மேல்தான் நடந்தது, அதற்குப் பிந்தைய பதிவல்ல அது என்று திருத்தினார். விஞ்ஞானி எப்படிச் சிந்திக்கிறார் என்பதற்கு இந்தச் சின்ன மறுப்பைவிடத் தெளிவான சான்று அரிது. திறமையான கேள்வியிலிருந்து அல்லாமல், கேட்டவரின் பிசகான சொல்லிலிருந்து அது கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பேட்டியும் இத்தொகுப்பில் உள்ளது. ஸ்பென்சர் வியர்ட் 1977இல் எடுத்தது. நோபல் பரிசுக்கு ஆறு ஆண்டுகள் முந்தையது. வெண்குறுமீன்களின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற அவருடைய முடிவை 1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் எள்ளி நகையாடியது ஊரறிந்த கதை. வரலாற்றாசிரியருக்கு வேண்டியது அந்தக் கதையைச் சூழ்ந்த விவரங்கள்: யார் யார் தனியே வந்து ஆதரித்தார்கள், ஏன் எவரும் வெளிப்படையாகப் பேசவில்லை, எடிங்டனோடு நட்பு எப்படித் தொடர்ந்தது. இத்தகைய விவரங்களை ஆய்வுக் கட்டுரைகளில் தேடிப் பயனில்லை. காமேஷ்வர் வாலி 1991இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் இறுதியிலும் சந்திரசேகருடனான உரையாடல்கள் தனியே தரப்பட்டிருக்கின்றன. வாலியும் இயற்பியலாளர்தான்.

கேள்வியே இல்லாமல் பதிவான உரையாடல் ஒன்று இந்த வகைக்குள் அடங்காவிட்டாலும் ஒதுக்கத் தக்கதல்ல. 1945 ஜூலை முதல் ஆறு மாதம், கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் ஜெர்மானிய அணு விஞ்ஞானிகள் பத்துப் பேரைப் பிரிட்டன் அடைத்து வைத்தது. அறைதோறும் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஆகஸ்ட் 6 மாலை ஹிரோஷிமா செய்தி வந்தபோது அவர்களில் ஒருவரான ஹைசன்பெர்க் முதலில் நம்பவில்லை. குண்டுக்கு வேண்டிய யுரேனியத்தின் அளவை அன்றிரவு அவர் பல மடங்கு மிகையாகச் சொன்னார். சில நாள் கழித்துக் கணக்கைத் திருத்திச் சகாக்களுக்கு விரிவுரையே நடத்தினார். நாம் மனதார விரும்பாததால்தான் குண்டு செய்யவில்லை என்ற விளக்கம் மேசையைச் சுற்றி மெல்லமெல்ல உருப்பெறுவதை அந்தப் பிரதியில் வாசிக்கலாம். அங்கே இருந்த மாக்ஸ் ஃபான் லாவே 1959இல் எழுதிய கடிதமொன்றில் அதையே குறிப்பிட்டார். இப்பிரதிகள் 1992இல்தான் வெளியாயின. மூல ஒலித்தட்டுகள் காக்கப்படவில்லை. எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி ஆங்கில மொழிபெயர்ப்பு. பேசியவர்களுக்குத் தாங்கள் பதிவாகிறோம் என்று தெரியாது என்பதே அதன் பலம். எதைப் படியெடுக்கலாம் என்று உளவுத்துறை தேர்ந்தெடுத்தது அதன் பலவீனம்.

ஹைசன்பெர்க் பின்னாளில், 1969இல், தம் வாழ்க்கையையே உரையாடல்களாகத் திருப்பி எழுதினார். முன்னுரையில் துசிடிடீஸைத் துணைக்கு அழைக்கிறார். சொற்கள் அப்படியே பேசப்பட்டவையல்ல, சாரம் அதுதான் என்பது அவர் தரும் சமாதானம். இலக்கியமாக அழகானது. ஆனால் 1941 செப்டம்பரில் கோபன்ஹேகனில் அவரும் போரும் தனியே பேசிய பேச்சுக்கு அது சாட்சியாகாது. போர் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகள் 2002இல் வெளியானபோது, அதே சந்திப்பு முற்றிலும் வேறாக நினைவில் நின்றிருப்பது தெரியவந்தது.

இயற்பியலில் இன்னொரு பயனுள்ள முயற்சி, பிபிசி மூன்றாம் வானொலிக்காகப் பால் டேவிஸும் ஜூலியன் பிரவுனும் எடுத்த பேட்டிகள். 1986இல் நூலாக வந்தன. பெல், ஆஸ்பெ, வீலர், பியர்ல்ஸ், டாய்ச், போம் உள்ளிட்ட எண்மரிடம் குவாண்டம் கோட்பாட்டின் பொருள் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள். விடைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. போர் வழிவந்த பார்வையைக் கோபன்ஹேகன் விளக்கம் என்று சொல்வதையே பியர்ல்ஸ் ஆட்சேபிக்கிறார்; அப்படிச் சொன்னால் வேறு விளக்கமும் உண்டு என்று ஆகிவிடுமாம். சமன்பாடுகளில் ஒன்றுபட்டவர்கள் பொருளில் இத்தனை பிரிந்திருப்பதைப் பாடநூல்கள் மறைத்துவிடுகின்றன.

தத்துவத்தில் நிலைமை வேறு. வாதமே அங்கே வேலை. எனவே கேட்பவரும் தத்துவம் கற்றவராக இருந்தாக வேண்டும். கடவுள் உண்டா என்று ரஸலும் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் 1948 ஜனவரியில் பிபிசியில் வாதிட்டது இன்றும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு காரணம் கேட்கலாமா என்ற இடத்தில் இருவரும் முட்டி நிற்கிறார்கள். அதற்கு மேல் நகரவில்லை என்றாலும், எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கேட்பவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

இக்கலையை நன்கு பயின்றவர் பிரயன் மகீ. தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் 1978இல் பிபிசி தொலைக்காட்சியில் பதினைந்து உரையாடல்களை நடத்தினார். பெர்லின், குவைன், சாம்ஸ்கி, மார்க்கூசே, ஐரிஸ் மர்டாக் எனப் பட்டியல் நீளும். ஒரு சோஃபா, இரண்டு பேர், முக்கால் மணி நேரம்; வேறெதுவும் திரையில் இல்லை. விருந்தினர் சொன்னதை மகீ தம் சொற்களில் சுருக்கிச் சொல்லி, சரிதானா என்று கேட்பார். விருந்தினர் ஒப்புவார், அல்லது திருத்துவார்; இரண்டுமே பார்வையாளருக்கு லாபம். தர்க்கப் புலனறிவாதத்தின் குறைகள் என்னவென்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லாமே தவறாக இருந்ததுதான் என்று ஏயர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நாற்பது ஆண்டு முன்னர் அக்கொள்கையை இங்கிலாந்தில் பரப்பியவரே அவர். அந்த ஒப்புதலை ஏயர் ஒரு கட்டுரையாக எழுதியிருந்தால் நூறு நிபந்தனைகளோடு வந்திருக்கும்.

அரசியல் சிந்தனையாளர்களின் உரையாடல்களில் திருத்தும் உரிமை பெரிய விஷயமாகிறது. இரண்டு ஜெர்மன் பேட்டிகளை ஒப்பிட்டால் போதும். 1964 அக்டோபரில் குந்தர் காவுஸின் தொலைக்காட்சித் தொடரில் ஹன்னா அரெண்ட் தோன்றினார். நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கைப் பற்றிய நூலுக்காகக் கடும் கண்டனங்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். தம்மைத் தத்துவவாதி என்று அழைத்ததை மறுத்து, தமது தொழில் அரசியல் கோட்பாடு என்றார். கேமரா காவுஸைக் காட்டுவதே அபூர்வம். அரெண்டின் முகமும் சிகரெட்டுமே திரையை நிரப்புகின்றன. அவருடைய ஆசிரியராக இருந்த ஹைடெகரோ 1966 செப்டம்பரில் டெர் ஷ்பீகல் இதழுக்குப் பேசியபோது, தாம் இறந்த பிறகே வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். பிரதியையும் திருத்திக் கொடுத்தார். 1976 மே 26 அன்று அவர் இறந்தார். 31ஆம் தேதி இதழில் வெளியாயிற்று. நாஜிக் காலத்தில் பல்கலைக்கழகத் தலைவராக அவர் செய்தவை பற்றிய கேள்விகளுக்கு அங்கே கிடைப்பது கவனமாகத் தயாரித்த வாக்குமூலம். வெளியானபோது மறுகேள்விக்குப் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

அமெரிக்காவில் வில்லியம் பக்லியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1966 முதல் 1999 வரை நடந்தது. பழமைவாதியான பக்லி விருந்தினரை மடக்கவே உட்கார்ந்திருப்பார். 1969இல் வியட்நாம் போர் பற்றிச் சாம்ஸ்கியுடன் நடந்த மோதலில் அந்த உத்தி பலிக்கவில்லை. ஆண்டும் ஆவணமும் சாம்ஸ்கியின் நாவில் இருந்தன. அதே சாம்ஸ்கி 1971இல் நெதர்லாந்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவைச் சந்தித்தார். ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் பிரெஞ்சிலும் பேசினார்கள். மனித இயல்பிலிருந்து நீதியை வரையறுக்கலாம் என்றார் சாம்ஸ்கி. அந்த நீதி என்ற கருத்தே அதிகாரத்தின் விளைபொருள் என்றார் ஃபூக்கோ. இன்றுவரை அரசியல் தத்துவம் இக்கவட்டில்தான் பிரிகிறது.

பன்னாட்டு உறவுகளுக்கு உறுதியான தொகுப்பு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹாரி கிரைஸ்லர் 1982இல் தொடங்கியது. பெற்றோர் எப்படி வளர்த்தார்கள், என்ன படித்தீர்கள் என்றே ஒவ்வொரு பேட்டியும் தொடங்கும். சில பேட்டிகளில் இது வெறும் சடங்கு. ஆனால் போரைப் பற்றிக் கோட்பாடு எழுதுபவர் ராணுவத்தில் இருந்தவரா என்பது பொருட்படுத்தத் தக்கதே. பன்னாட்டு உறவுக் கோட்பாட்டாளர் மெர்ஷைமர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று விமானப்படையில் பணியாற்றியவர். 2003 பிப்ரவரியில், ஈராக் படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அதே துறைக் கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் அங்கே பேசினார். வால்ட்ஸும் மெர்ஷைமரும் முந்தைய செப்டம்பரில் அப்போரை எதிர்த்து நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்த முப்பத்துமூன்று அறிஞர்களில் இருந்தவர்கள். வல்லரசுகள் அதிகாரத்தைத்தான் பார்க்கும் என்று கோட்பாடு எழுதியவர்கள் போரை எதிர்த்ததேன் என்ற புதிருக்கு அவர்களுடைய நூல்களைவிட இத்தகைய நீண்ட பேச்சே எளிதாக விடை தருகிறது.

2004க்குப் பின் பாட்காஸ்ட் வந்ததும் நேரக் கட்டுப்பாடு போயிற்று. இரண்டு மணி, மூன்று மணி என்று நீள்வது வழக்கமாயிற்று. இயற்பியலாளர் ஷான் கேரல் 2018 முதல் நடத்தும் தொடரில், கேட்பவரே குவாண்டம் கோட்பாட்டில் ஆய்வு செய்பவர் என்பதால், விருந்தினர் உவமை சொல்லித் தப்பிக்க முடிவதில்லை. எழுத்துப் பிரதியும் கிடைக்கிறது. பிற தொடர்கள் பலவற்றில், மூன்று மணி நேரமும் விருந்தினர் ஏற்கெனவே நூலில் எழுதியதையே நிதானமாகத் திரும்பச் சொல்கிறார். தவறான ஆண்டோ எண்ணோ வாயில் வந்தால் நிறுத்திக் கேட்க ஆளில்லை. இதழாசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், ஆவணக் காப்பாளர் என்று முன்பு பலர் செய்த வேலை இப்போது ஒலிவாங்கிக்கு முன் இருக்கும் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. கூனின் குழு எடுத்த பேட்டிகள் எழுத்தாக்கப்பட்டு நூலகங்களில் வைக்கப்பட்டன. பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை வணிகத் தளங்களில் மட்டுமே இருக்கின்றன. நடத்துபவர் விலகினாலோ தளம் மூடப்பட்டாலோ அவற்றைக் காக்கும் கடமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை.