விழாத கரகம்

விருத்தாசலத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் கரகாட்டம் பார்த்தேன். கரகத்தை நாடா போட்டுத் தாடையோடு கட்டியிருந்தார்கள். விழவே விழாது. அப்புறம் எதுக்குங்க கரகம்?

மேடைமேல் பழி போடுவது சுலபம். ஜார்ஜியாவில் இலிகோ சுகிஷ்விலி, நினோ ராமிஷ்விலி தம்பதி 1945இல் குழு அமைத்துக் கிராமத்து ஆட்டங்களை மேடையேற்றினார்கள். வரிசையைச் சீராக்கினார்கள். ஆனால் கெவ்சுருலி ஆட்டத்தில் இன்றும் வாளும் கேடயமும் மோதித் தீப்பொறி பறக்கிறது. பெண்கள் தலை அசையாமல் மிதப்பதுபோல் நகர்கிறார்கள். கால்வேலையை நீண்ட அங்கி மறைத்துவிடும். கரகத்திலும் அதே அசையாத் தலைதான், கால் மட்டும் வெளியே தெரியும். நையாண்டி மேளம் வேகமெடுக்க, கரகத்தோடு வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பவர்களும் உண்டு.

நாம் ஆபத்தை இறக்கி வைத்துவிட்டு ஜிகினாவை மட்டும் மேடையேற்றுகிறோம். பிள்ளைகளிடம் ஒரு மண்பானையைக் கட்டாமல் கொடுத்துப் பார்க்கலாம். உடையட்டுமே, பீங்கான் ஊரில் பானைக்கா பஞ்சம்?