ஆறாம் அறிவும் தேயிலைக் கோப்பையும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பாகுபடுத்தினார். உடல், நா, மூக்கு, கண், செவி என்பவற்றின் அறிவோடு மனம் ஆறாவதாக நிற்கின்றது. இதனை வெறும் ஏணியாகக் கொண்டு, புலன் ஒன்று ஏற அறிவும் ஒன்று ஏறும் என்பாருளர். அங்ஙனமாயின், புலன்கள் தம்முள் மாறுபடுங்கால் தீர்ப்பளிப்பது யாது?

இவ்வினாவைத் தலவாக்கலையில் வைத்து ஆராய்தல் தகும். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அவ்வூர்ச் சென்கூம்ஸ் தோட்டத்தில் உள்ளது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளில், வாடிய கொழுந்தின் பதத்தைத் தேர்ந்தவர் கை அறியும். நொதித்தலின் முடிவை நிறங்காணும் கண்ணும் மணமறியும் மூக்கும் கூடி அறியும். பின்னர்ச் சுவைஞர் சாயத்தின் நிறம் நோக்குவர். அவிந்த இலையை முகர்வர். சாயத்தை ஒலியெழ உறிஞ்சுவர். அப்போது மணம் தொண்டை வழியாகவும் மூக்கை அடைகின்றது. நாவின் சுவையென நாம் நினைப்பதிற் பெரும்பங்கு மூக்கின் செய்தியே.

இச்செய்திகள் சமமாகக் கூட்டப்படுவதில்லை. ஒரு மேட்டின் உயரத்தைக் கண்டும் தொட்டும் மதிப்பிடச் செய்து, எர்ன்ஸ்ட், பாங்க்ஸ் என்னும் அறிஞர் 2002இல் ஆய்வு வெளியிட்டனர். காட்சி தெளிவாயிருந்தபோது கண்ணுக்கும், அது மங்கியபோது கைக்கும் மிகுந்த மதிப்பு அளிக்கப்பட்டது. இரண்டும் இணைந்த தீர்ப்பு தனித்தனித் தீர்ப்பினும் நுண்ணியதாயிற்று. நம்பத்தக்க சான்றுக்கு நிறை மிகுத்தலே அதன் நெறி.

எனினும் இந்நெறி வழுவுதலும் உண்டு. வெண்ணிறத் திராட்சை மதுவுக்குச் செந்நிறம் ஊட்டியபோது, மாந்தினோர் அதன் மணத்தைச் செம்மதுவுக்குரிய சொற்களால் விளக்கினர் என்பது 2001இல் பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்ட முடிபு. கண் மூக்கை ஏய்த்தது. தேயிலையிலும் சாயத்தின் நிறம் மணத்தை மறைக்குமாயின், விலை குறைவது ஒரு கோப்பைக்கு மட்டுமன்று. கொழுந்து கொய்த கையின் உழைப்புக்குமாம்.

இவ்வாய்வுகளைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் எனல் மிகை. மனத்தின் தொழிலை அவர் அங்கு விரித்துரைத்தாரல்லர். ஆயினும், மனத்தை ஏணியின் ஆறாம் படியாகக் கொள்வதினும் துலாக்கோலின் நாவாகக் கொள்வதே சாலும். புலன்கள் சான்று கூறும். எச்சான்றுக்கு எவ்வளவு நிறை என்பதனை மனமே துணிதல் வேண்டும். அத்துணிவு பயிற்சியால் வருவது. தொழிற்சாலையிற் பல்லாண்டு பழகிய கையின் அறிவை வெறும் ஊகமென இகழ்வோர், இதனை உணர்வாராக.