உலாவுகிறவர் யார்?

'ஸ்ட்ரோல்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அர்த்தம் சொல்வது சுலபம். அவசரமில்லாமல், மனம் போன போக்கில் நடப்பது என்று சொல்லிவிடலாம். 'உலாவு' என்று ஒரே சொல்லிலும் முடித்துவிடலாம். அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது என்று ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. வாக்கியம் என்றால் அதில் ஓர் ஆள் வேண்டும், இடம் வேண்டும், வேளை வேண்டும். நடக்கிறவர் யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்தாக வேண்டும்.

நான் புரட்டிப் பார்த்த பயிற்சிப் புத்தகங்களில் இந்த மூன்றுக்கும் ஒரே பதில்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கனவான் பூங்காவில் உலாவுகிறார். அல்லது ஒரு தம்பதி ஆற்றங்கரையில் உலாவுகிறார்கள். இலக்கணத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்தக் கனவானை நம் ஊர்ப் பக்கம் கண்டவர் யாரும் இல்லை. பிள்ளைகள் அவரைக் காணாமலே மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் ஒரு முறை உலாவவிட்டு, அதோடு மறந்துவிடுகிறார்கள்.

'உலாவு' என்பது 'ஸ்ட்ரோல்' ஆகாது என்பதையும் அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. ஆங்கிலேயன் கடைக்கு 'ஸ்ட்ரோல்' செய்வான், வீட்டுக்கும் செய்வான். அந்த வினை நடையின் தினுசையும் போய்ச் சேரும் இடத்தையும் ஒருசேரத் தாங்கும். தமிழில் 'கடைக்கு உலாவினேன்' என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். நம் உலாவலுக்குச் சேருமிடம் கிடையாது. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ போய்ப் போய்த் திரும்புவதுதான் உலாவல். சேருமிடம் இருந்துவிட்டால், 'ஆற அமர நடந்து கடைக்குப் போனேன்' என்று தினுசை ஓர் எச்சத்தில் வைத்து, பயணத்தை 'போ'விலும் 'வா'விலும் ஏற்றிவிடுகிறோம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தால் பத்து உதாரண வாக்கியங்களின் வேலை நடந்துவிடும்.

இரண்டு சொற்களின் பூர்வோத்திரமும் வேடிக்கையானது. 'ஸ்ட்ரோல்' பதினேழாம் நூற்றாண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது கனவான்களின் சொல்லாக வரவில்லை. நாடோடியாகத் திரிவது என்பதுதான் அதன் முதல் பொருள்; நாடோடி என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் வழக்கிலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள். ஊர் ஊராகப் போன கூத்தாடிகளுக்கு அந்தச் சொல் அடைமொழியாயிற்று. பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகர்களைத் திரிகிறவர்கள் கணக்கில் சேர்த்துத் தண்டிக்க இங்கிலாந்தில் 1572-லேயே சட்டம் இருந்தது. பிறகுதான் அந்தச் சொல் மெல்ல மெல்லக் கௌரவம் பெற்றுப் பூங்காவுக்குள் நுழைந்தது. 'ஸாண்டர்' என்ற அதன் உறவுச் சொல்லை 1862-இல் வெளிவந்த தம் கட்டுரையில் தோரோ புண்ணிய பூமிக்குப் போகும் யாத்திரிகரோடு முடிச்சுப் போட்டார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புவதில்லை. ஆனாலும் சும்மா நடப்பதற்கு ஒரு புனிதம் தேடிய அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழில் கதை நேர் எதிர். நம் உலா மேலிருந்து வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் உலாப் பாடினார். அரசன் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் நின்று பார்த்து மயங்குகிறார்கள். உலாப் போகிறவன் ஒருவன்; பார்த்து நிற்கிறவர்கள் ஊரார். இன்றும் சுவாமிதான் வீதியுலா வருகிறார். சாதாரண மனிதன் காரியமின்றி நடந்தால் அவனுக்கு நாம் வைத்திருக்கும் வினைகள் வேறு: திரிகிறான், சுற்றுகிறான், அலைகிறான். ஒன்றிலாவது மரியாதை உண்டா? ஒரு பெண் அப்படி நடந்தாலோ அந்த வினைகளோடு வசையும் சேர்ந்துவிடுகிறது. நம் நாவல்களில் கதாநாயகி நந்தவனத்தில் உலாவலாம். தெருவில் உலாவ முடியாது. தெருவில் நடக்க அவளுக்குக் குடமோ, கோயிலோ, இப்போது சர்க்கரை வியாதியோ ஒரு காரணமாக வேண்டியிருக்கிறது. 'வாக்கிங் போகிறேன்' என்பது இன்று கிராமத்துப் பெண்களும் சொல்லும் தமிழ்தான். அதுவும் டாக்டர் கொடுத்த அனுமதிச் சீட்டே.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கடற்கரைச் சாலையில் நடக்கும் வழக்கம் போகவில்லை. மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தச் சாலையை நடப்பவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் உலாவலாம். ஆனால் அதே புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் சேதராப்பட்டில் கடற்கரையும் இல்லை, அப்படி ஒரு சாலையும் இல்லை. அங்கே இருப்பது தொழிற்பேட்டை. ஷிப்டுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், லாரிகள்.

அந்த ஊர்ப் பையன் ஒருவனின் நோட்டுப் புத்தகத்தை ஒரு சமயம் பார்க்க நேர்ந்தது. 'ஸ்ட்ரோல்' என்ற சொல்லுக்கு அவன் எழுதியிருந்த வாக்கியம், தன் அப்பா பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு 'ஸ்ட்ரோல்' செய்து வருகிறார் என்பது. உபாத்தியாயர் சிவப்பு மசியால் அந்த வினையை அடித்து, வெறும் 'வாக்' என்று மேலே எழுதியிருந்தார்.

"தம்பி, அப்பா நெசமாவே மெதுவாத்தான் வருவாரா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். எட்டு மணி நேரம் மெஷின்கிட்ட நின்னுக்கிட்டே இருப்பாரு. அதனால ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி, காலாற நடந்து வருவாரு."

விமரிசகன் என்ற முறையில் என் தீர்ப்பு பையன் பக்கம். ஆங்கிலப் பிரயோகம் என்று பார்த்தால் அவன் வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. அந்த வினை சேருமிடத்தை ஏற்கும் என்பதைப் பிடித்திருக்கிறான். உழைத்துக் களைத்தவன் உலாவமாட்டான் என்பது உபாத்தியாயரின் எண்ணமாக இருந்திருக்கலாம். அது ஆங்கில இலக்கணம் அல்ல. நம் ஊர் இலக்கணம். திரிகிறான், சுற்றுகிறான் என்ற வினைகளை உண்டாக்கிய அதே இலக்கணம்.

காலாற நடப்பது என்கிறோமே, அந்தப் பிரயோகத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நடந்தால் கால் வலிக்கும் என்பது உலக அனுபவம். கால் ஆறுவதற்காக நடப்பது என்றால், அதற்கு முன்பு ஒரே இடத்தில் நின்றோ, உட்கார்ந்தோ கால் மரத்துப் போயிருக்க வேண்டும். சோழனின் பவனிக்கு அந்தச் சொல் பொருந்தாது; பயிற்சிப் புத்தகத்துக் கனவானுக்கும் அரைகுறையாகத்தான் பொருந்தும். எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 'ஸ்ட்ரோல்' என்பதற்குத் தமிழ் எது என்று என்னைக் கேட்டால், உலாவலை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

உலாவலுக்குத் தான் வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டதே! இணையத்தைப் பார்க்க உதவும் கருவிக்குத் தமிழில் 'உலாவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரசனின் யானையிலிருந்து இறங்கிய சொல், நம் கால்களில் தங்காமல் விரல்களுக்குப் போய்விட்டது.

பாடப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பூங்காவையும் ஆற்றங்கரையையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். உன் வீட்டில் யார், எப்போது, எங்கே அவசரமில்லாமல் நடக்கிறார் என்று பிள்ளையைக் கேளுங்கள். யாருமே அப்படி நடப்பதில்லை என்று ஒரு பெண் எழுதினால், அதையும் சரி என்று போடுங்கள். அவளுடைய அம்மாவைப் பற்றி அவள் எழுதிய உண்மையான ஆங்கில வாக்கியம் அதுவாகவே இருக்கக்கூடும்.